எதிர்வீட்டு ஷட்டர்களுக்கு நான் எழுதிய நான்கு குறிப்புகள்

நவம்பர் 4, செவ்வாய்

எதிர்வீட்டு அம்மாள் ஃபிராவ் ரோட்டரின் ஜன்னல்களை இரவில் வெளிப்பக்கம் மூடும் சுருள் ஷட்டர்களுக்கு மோட்டார் வருகிறது. எதைக் கொண்டு இயக்குவது என்று தேர்ந்து சொல்லும்படி ஹாம்பர்க்கிலிருந்து அவர் மகள் அல்முட் என்னிடம் கேட்டிருக்கிறாள். பார்க்க வேண்டியவை:

1. மணிக்கட்டு வலி உள்ளவர். இப்போதுபோல ஷட்டரை ஏற்ற எந்தப் பட்டையையும் இழுக்கும்படி இருக்கக் கூடாது.
2. மின்சாரம் போனால் ஒரு ஷட்டரையாவது கையால் திறக்க வழி வேண்டும்.
3. பழைய சுவரை அதிகம் உடைக்கக் கூடாது.
4. வீட்டில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது தெருவுக்குத் தெரியக் கூடாது.

நான்காவதில் எனக்குத் தனித் திருப்தி. மூன்று விளக்கப் புத்தகங்களைப் படித்த பிறகு தோன்றியது.

நவம்பர் 6, வியாழன்

எலக்ட்ரீஷியன் வந்திருந்தார். நானும் என் தாளோடு போனேன்.

"எனக்கு ஒரு பட்டன் போதும். மேல, கீழ. அவ்வளவுதான்" என்றார் ஃபிராவ் ரோட்டர். பிறகு என்னைக் காட்டி எலக்ட்ரீஷியனிடம், "என் சமையலறை ஷட்டர் ஏழு மணிக்கு ஏறினாத்தான் ஹெர் ஃபோக்ட்டுக்கு காபி தொண்டையில இறங்கும். தெரியுமா?"

"அப்ப இது ஷட்டர் இல்ல, தந்தி!" என்று அவர் சிரித்தார்.

எனக்குக் காது சுட்டது. உண்மைதான் – என் மனைவி போனதிலிருந்து தினமும் பார்க்கிறேன். அது அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. தலையைத் தூக்காமல் நான்காவது குறிப்பை வாசித்தேன். நேரக் கடிகாரம் வைத்தால் காலை ஏழுக்குத் தானாக எழும், அந்தி சாய்ந்ததும் தானாக இறங்கும், திருடன் குழம்புவான்.

"படிச்ச மனுஷர் சொல்றீங்க. சரி."

நவம்பர் 14, வெள்ளி

பொருத்தியாகிவிட்டது. சரியாக ஏழுக்கு எல்லா ஷட்டர்களும் ஒன்றாக எழுந்தன. நேர்த்தி.

நவம்பர் 25, செவ்வாய்

எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டி இன்று வெளியே வரவில்லை. செய்தித்தாளும் பெட்டியிலேயே. வேலிக்கதவு வரை போனேன். ஷட்டர்கள் ஏறியிருந்தன. எதற்கு மணியடித்துத் தொந்தரவு? திரும்பிவிட்டேன்.

நவம்பர் 26, புதன்

திங்கள் மாலையே விழுந்திருக்கிறார். சமையலறைத் தரையில். இடுப்பெலும்பு முறிவு.

இன்று காலை தபால்காரப் பெண்தான் முனகலைக் கேட்டாள். "ஷட்டரைப் பார்த்தா வீடு நல்லாத்தானே இருந்துச்சு!" என்று தெருவில் நின்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் திரைச்சீலைக்குப் பின்னால்.

அல்முட் தொலைபேசியில்: "நீங்க எதிர்ல இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் அம்மாவைத் தனியா விட்டிருந்தேன்." பழி சொல்லவில்லை. நன்றி சொல்வதுபோலத்தான் சொன்னாள். ஐயோ – என்ன காரியம் செஞ்சு வச்சேன் நான்?

நவம்பர் 30, ஞாயிறு

மருத்துவமனை. பூ வாங்கிப் போனேன். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

"கீழ கிடந்தேனா," என்றார். "ஏழு மணிக்கு ஷட்டர் தானா மேல போச்சு. வெளிச்சம் வந்துச்சு. போச்சு, இனி ஹெர் ஃபோக்ட் நிம்மதியா காபி குடிப்பார்னு நினைச்சேன்."

குடித்தேன். அன்று இரண்டு கோப்பை.

"பெட்டியில பேப்பர் இருந்தது. நான் பார்த்தேன்" என்றேன்.

"மணி அடிச்சிருக்கலாமே."

"தொந்தரவா நினைப்பீங்களோன்னு…"

"முப்பத்தோரு வருஷமா அதையேதான் நினைச்சுட்டிருக்கீங்க. அந்தப் பூவை இப்படிக் கொடுங்க."

அவர் சொன்ன ஒரு பட்டனை நான் ஏன் ஒதுக்கினேன்? திருடனுக்காகவா? எலக்ட்ரீஷியனின் அந்தச் சிரிப்புக்கு வெட்கப்பட்டு. அதை யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஜனவரி 14, புதன்

ஆளில்லாத வீட்டில் ஏழு மணிக்கு ஷட்டர்கள் எழுகின்றன. நான் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து காபி குடிக்கிறேன்.

பிப்ரவரி 9, திங்கள்

வீடு திரும்பிவிட்டார், தள்ளுநடை வண்டியோடு. கடிகாரத்தைக் கழற்றச் சொல்லி எலக்ட்ரீஷியனுக்கு நானே எழுதியிருந்தேன். சமையலறையில் இப்போது ஒரு பட்டன். மேலே, கீழே. கைக்கு எட்டும் உயரத்தை மட்டும் நான் அளந்து கொடுத்தேன்.

பிப்ரவரி 19, வியாழன்

ஏழு. ஏழு பத்து. ஏழு இருபத்தைந்து. சமையலறை ஷட்டர் எழவில்லை.

வீட்டுச் செருப்போடு பனியில் தெருவைக் கடந்தேன். மணியடித்தேன். மறுபடி அடித்தேன். உள்ளே தள்ளுநடையின் சத்தம். கதவு திறந்தது. இரவு அங்கி, கலைந்த முடி.

"ஒரு மனுஷி எட்டு மணி வரைக்கும் தூங்கக் கூடாதா?"

"தூங்கலாம். மன்னிக்கணும்."

"மன்னிப்பெல்லாம் அப்புறம். காபி குடிச்சாச்சா?"

"இல்ல."

"தெரியும். உள்ள வாங்க. செருப்பைப் பாருங்க, சொட்டச் சொட்ட!"

போனேன். பட்டனை என்னையே அழுத்தச் சொன்னார்.

நவம்பர் தாளை எடுத்துப் பார்த்தேன். முதல் மூன்றும் சரி. நான்காவது தவறு.