பத்துமா என்று கேட்ட அக்காவுக்கு

என் லூர்து அக்கா,

செத்தவர்களோடு பேசக் கூடாது என்று எங்கள் சபையில் சொல்வார்கள். தெரிந்துதான் எழுதுகிறேன். யாரிடம் பேச ஆரம்பித்தாலும் பேச்சு உன்னிடமே வந்து நின்றுவிடுகிறது. நான் என்ன செய்ய?

உன் வீட்டுக்காரர், மாமா, நன்றாக இருக்கிறார் என்று பொய் சொல்ல மாட்டேன். வேங்கிக்கால் வீட்டில் தனியாகக் கிடக்கிறார். எங்களோடு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டால், பார்க்கலாம் என்பதோடு சரி. நேற்று போன் செய்து, குழம்பில் உப்பு ஜாஸ்தியாகிவிட்டது என்றார். உன்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் இப்போது என்னிடம் சொல்கிறார்.

நாம் இரண்டு பேரும் ஒரே கத்தோலிக்கக் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கினவர்கள். கல்யாணமாகிக் கீழ்பென்னாத்தூர் போன பிறகு, என் வீட்டுக்காரரோடு நான் பெந்தெகொஸ்தே சபைக்குப் போக ஆரம்பித்தேன். நீங்கள் அருள் என்பதை நாங்கள் கிருபை என்போம். உன் ஒரே பிள்ளைக்கு நீ அருள் என்றே பெயர் வைத்திருந்தாய்.

அந்த அருள்தான் குடித்துவிட்டு பைக் ஓட்டி, வேலூர் ரோட்டில் லாரியில் மோதிச் செத்தான். கோயிலுக்குப் போவதை விட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. பாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கும் பாவசங்கீர்த்தனமும் இல்லை. கடைசி நேரத்தில் பாதர் வந்து எண்ணெய் பூசவும் வழியில்லை. புருஷன், தங்கை, பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லாரும் உன்னோடு சேர்ந்து அழுதோம். உன் பயம் மட்டும் வேறாக இருந்தது. பிள்ளை உத்தரிக்கிற ஸ்தலத்தில் பாவத்துக்காக வெந்துகொண்டிருக்கிறான், அவனை வெளியே கொண்டுவர வேண்டும் என்று நினைத்தாய்.

அதற்காகத்தான் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில், வெறும் தண்ணீர் குடித்துவிட்டு, செருப்பில்லாமல் டவுன் கோயில் வரை நடந்தாய். சர்க்கரை வியாதிக்காரிக்கு ஒருசந்தி நோன்பு கிடையாது, வீட்டிலிருந்து ஜெபமாலை சொன்னால் போதும் என்று உங்கள் பாதரே தடுத்தார். பௌர்ணமிக்கு ஊரே வெறுங்காலோடு மலையைச் சுற்றுகிறது, நான் மட்டும் நடக்கக் கூடாதா என்று அவரைக் கேட்டுவிட்டு, மறுவாரமும் நடந்தாய்.

இந்த வருஷம் பங்குனி வெயிலில் பாதம் கொப்புளித்து உடைந்தது. துணியைச் சுற்றி மறைத்துவிட்டாய். ஈஸ்டருக்கு நான் வந்தபோது வீட்டுக்குள் ஒரு வாடை. உன்னைக் கட்டிலில் உட்கார வைத்துத் துணியை அவிழ்த்தேன். கறுத்து அழுகியிருந்த அந்தக் காலை என் மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"அவர் சிலுவையில எல்லாத்தையும் முடிச்சிட்டாருக்கா. நீ நடந்து அதுல என்னத்த சேக்கப் போற?"

நீ கோபப்படவில்லை. "அவரு முடிச்சிட்டாருன்னு எனக்கும் தெரியும்டி. அருள் இல்லாம ஒண்ணும் நடக்காதுன்னு எங்க பாதரும்தான் சொல்றாரு. ஆனா எம்புள்ள ரோட்ல கெடந்தானே. நான் எப்படி சும்மா குந்தியிருப்பேன்?"

அதற்கு என்னிடம் வசனம் இருந்தது. அதைச் சொல்லாமல், உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை வெட்டி எடுத்தார்கள். அதற்குள் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. பாதர் வந்து எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். மாமா மருந்து வாங்கக் கீழே இறங்கியதும் நீ என் கையைப் பிடித்தாய்.

"இனிமே நடக்க முடியாதேடி. அவனுக்கு இதுவரைக்கும் நான் பண்ணது பத்துமா?"

பத்தும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நம்பாததை உன் கடைசி நேரத்தில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"உன்னோடது பத்த வேணாம்க்கா. அவரோடது பத்தும்."

உன் கண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. "அப்போ நான் நடந்ததெல்லாம்?" என்றாய்.

"அது நீ உம்புள்ள மேல வெச்ச பாசம்க்கா. அதை யாரும் வேணாம்னு சொல்லல."

ம் என்றாய். கண்ணை மூடிக்கொண்டாய். அதற்குப் பிறகு நீ பேசவேயில்லை. அக்கா, அந்த "ம்" என்ன? பாரம் இறங்கியதா? அல்லது உன் கையில் இருந்த ஒன்றையும் நான் பிடுங்கிக்கொண்டேனா? அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

முப்பதாம் நாள் பூசைக்கு வரச் சொல்லி மாமா கூப்பிட்டார். இறந்தவருக்காக ஜெபிக்க வேதத்தில் இடமில்லை என்று எங்கள் பாஸ்டர் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. உன் அடக்கத்தின்போது என் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். ஆனாலும் போனேன். பாதர் உன் பெயரையும் அருள் பெயரையும் சேர்த்து வாசித்தார். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயிலே சொன்னது. நான் எழுந்து நின்றேன். வாய் திறக்கவில்லை.

என் விசுவாசம் சரி என்றால், உனக்கு என் ஜெபம் தேவையில்லை. உன்னுடையது சரி என்றால், தேவை இருக்கிறது. தங்கச்சி நான் தராமல் இருக்கிறேன். இந்த இரண்டுக்கும் நடுவில் தினமும் செத்துப் பிழைக்கிறேன். உன்னைப் போல நடந்து தீர்க்கவும் எனக்குத் தெரியாது.

கல்லறைத் திருநாளுக்கு மாமாவோடு வருவேன். உன்னையும் பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில்தான் வைத்திருக்கிறார்கள். நான் மெழுகுவத்தி ஏற்ற மாட்டேன், அதைப் பொறுத்துக்கொள். அப்போது மழைக்காலம், காற்று விடாமல் அடிக்கும். மாமாவுக்குக் கை நடுங்குகிறது. அவர் ஏற்றுகிற மெழுகுவத்தி இரண்டும் அணையாதபடி, உருகி முடிகிறவரை குந்தியிருந்து, என் இரண்டு கையாலும் மறைத்துப் பிடித்துக்கொள்வேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
ஸ்டெல்லா