அறுபத்து மூன்றாம் தாள்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வெந்நீரையே அடிபிடிக்க வைக்கிறவர் அங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறீர்களே என்பதுதான் கவலை. நேற்று போனில், "ரூல்னா ரூல்தான்டி" என்று வைத்துவிட்டீர்கள். மறுபடி கூப்பிட்டால் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

நம் ஆய்வின் கணக்கெல்லாம் போட்டாயிற்று. ஆங்கிலப் படிப்புக்கு நாம் எழுதிய இரண்டு அறிமுகத்தாள்களில், "மாணவன்", "போட்டி", "எதிராளியை வாதத்தில் வீழ்த்துபவன்" என்று போகும் தாளைப் படித்த பெண்களுக்கு, மற்றத் தாளைப் படித்தவர்களைவிட ஆர்வம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. கொஞ்சம்தான். கட்டுரையில் ஒரு வரி வரும்.

அந்த ஒரு வரிக்குள் அறுபத்து மூன்றாம் எண் பெண் இருக்கிறாள். ஆர்வம் ஏழுக்கு ஒன்று என்று போட்டிருக்கிறாள். அடியில் பென்சிலில், "இதில் சேரத்தான் விண்ணப்பித்திருந்தேன். எனக்கானது இல்லை என்று இப்போது புரிகிறது. திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நன்றி" என்று எழுதியிருக்கிறாள். அந்த நன்றியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எல்லாரும் எழுதி முடித்ததும், இது சோதனைக்காக எழுதிய தாள், நிஜப் படிப்பு இப்படி இல்லை என்று சொல்லி அனுப்புவதுதானே நம் வழக்கம்? அன்று ஒருத்தி மட்டும் முன்னதாக எழுந்து வந்து, "மேடம், பஸ் போயிடும், கிளம்பட்டுமா?" என்றாள். நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். நிமிராமலே, "போம்மா, போ" என்றேன். முகத்தைப் பார்க்கவில்லை அக்கா. வாட்சின் அறுந்த பட்டையை நூலால் கட்டியிருந்த ஒரு கை அந்த அறுபத்து மூன்றாம் தாளை அடுக்கின்மேல் வைத்தது, அவ்வளவுதான். இப்போது பஸ் கம்பியில், நூலக மேசையில், எங்கே பார்த்தாலும் அந்தக் கை. வகுப்பில் வருகை எடுக்கும்போது வாசலில் யாரோ நிற்பதுபோல் இருக்கிறது. நிமிர்ந்தால் ஒருவரும் இல்லை. பயமாக இருக்கிறது.

அந்த வீழ்த்துபவன் அறிமுகத்தாளை எப்படி அரை மணி நேரத்தில் எழுதினாய் என்று அப்போது கேட்டீர்கள். சிரித்து மழுப்பிவிட்டேன். நான் முதலாண்டு சேர்ந்த அன்று துறைத்தலைவர் பேசிய பேச்சுதான் அது. பதினெட்டு வருடமாக உள்ளேயே கிடந்திருக்கிறது. முந்தாநாள் நம் துறையின் நிஜ அறிமுகத்தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எது பொய்த்தாள் என்று ஒரு நிமிஷம் எனக்கே தெரியவில்லை. நிஜம் வேறு என்று அவளிடம் எந்த வாயால் சொல்வேன்? அந்தப் பேச்சைக் கேட்டும் நான் இங்கேதான் இருக்கிறேன், நீயும் வா என்று வேண்டுமானால் சொல்லலாம். அதை நேரில்தான் சொல்ல முடியும்.

விண்ணப்பம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அலுவலகத்தில் கேட்டேன், திரும்ப வாங்கியவர்கள் நாற்பது பேராம், யார் யார் என்று சொல்லமாட்டார்களாம். எண்ணுக்குரிய பெயர் உங்களிடம் உள்ள பட்டியலில் மட்டும்தான். எல்லாருக்கும் பொதுவாக ஓர் அறிவிப்பு அனுப்பலாம் என்கிறீர்கள். ஒரு தாளால் போனவளை இன்னொரு தாள் கூட்டி வருமா?

பெயரை வெளியே சொல்லமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டோம், ஒப்புக்கொள்கிறேன். உண்மையைச் சொல்லாமல் யாரையும் அனுப்பமாட்டோம் என்றும் போட்டோம். அதை நான் ஏற்கெனவே மீறிவிட்டேன். இதையும் என் பேரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் தொட்டதெல்லாம் துலங்கட்டும். அறுபத்து மூன்று என்று கூப்பிட்டால் எந்தப் பெண் திரும்பிப் பார்ப்பாள்? அவள் பெயரைச் சொல்லுங்கள் அக்கா.

உங்கள் பதிலுக்காக விழித்திருக்கும்,
தங்கை