அலமாரிக்குப் பின்னால் இருந்த சுவர்

அன்பு மகன் ஜாபேஸுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், அந்த மஸ்கட் வெயிலில் உன்னையும் அவர் சுகமாக வைத்திருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் பக்கத்தில் நிற்கும் உன் பெண்டாட்டி காதில் விழும், மாமியாரே புகழ்ந்துவிட்டாள் என்று அவளுக்குத் தலைகால் புரியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

கெசியாவுக்கு ஓயாமல் மூச்சிழுப்பு வருகிறது, டீச்சர் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார் என்று போன மாதம் ரீபாவிடம் கத்தினாய். உன்னையும் குற்றம் சொல்ல முடியாது, பிள்ளை போனை வாங்கினாலே பேச்சுக்கு முந்தி அந்த இழுப்புதானே உனக்குக் கேட்கும், குட்டி வந்துட்டாளா என்பாய். அப்புறம் ரீபா என்னிடம், 'அத்தை, காலாண்டு லீவு முழுக்க பிள்ளை நல்லாத்தானே இருந்தா, பள்ளிக்கூடம் தொறந்த மறுநாளே இழுக்கே, அப்ப கோளாறு வீட்டுலயா இருக்கு?' என்றாள்.

நம் ஊரில் இழுப்புக்காரப் பிள்ளைக்குக் காற்றே படக்கூடாது என்பார்கள் அல்லவா, ரீபாவும் தன் வகுப்பிலேயே படிக்கிற கெசியாவையும், தும்மிக்கொண்டு கண்ணைக் கசக்கும் மற்றப் பிள்ளைகளையும் உள்சுவரோரம் பெரிய அலமாரிப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆற்றுக்காற்று வராமல் ஜன்னலையும் சாத்தி வைத்திருந்தாள். அந்தப் பெஞ்சுக்கு மாறும் பிள்ளைக்கெல்லாம் இருமல் கூடுகிறதே என்று அவளுக்கு உறைத்திருக்கிறது. அலமாரியை நகர்த்திப் பார்க்கலாம் என்றால் தலைமையாசிரியர் சுவிசேஷமுத்து சார், 'ஏம்மா, வெள்ளத்துக்கு அப்புறம் பெயிண்ட் அடிச்சு அழகா வச்சிருக்கோம், ஆண்டுவிழா வேற வருது, இப்ப எதுக்கு நோண்டுதீங்க?' என்றாராம். இவள் கேட்கிற ஆளா? சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பைய நகர்த்தினோம். அடி ஆத்தி, சுவர் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை! மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய் உடைந்து உள்ளுக்குள்ளேயே கசிந்திருக்கிறது, அதன்மேல்தான் பெயிண்ட். அந்த வாடைக்கு எனக்கே தும்மல் நிற்கவில்லை. ரீபா தரையில் உட்கார்ந்து, 'நானே கொண்டாந்து இங்கன உக்கார வச்சேனே அத்தை' என்று அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாருக்குப் போன் போட்டாள். சும்மா சொல்லக்கூடாது, அவரும் ஓடி வந்து பார்த்துவிட்டு, இனி இந்த அறைக்குள் ஒரு பிள்ளையும் வரக்கூடாது என்றார், ஆண்டுவிழாப் பேச்சையே எடுக்கவில்லை.

பூஞ்சையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தூள் பறக்குமாம், ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் மூச்சில் அது போனால் இழுப்பைக் கிளப்பிவிடுமாம், பூட்டிய அறையில் இன்னும் மோசமாம், டாக்டர் சொன்னார். பெற்றோர் கூட்டத்தில் ரீபா எழுந்து நின்று, ஜன்னலைச் சாத்தினது நான்தான், என்னை மன்னிச்சிருங்க என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாள். அந்தத் தைரியம் எனக்கு வராது, உனக்கு வராது, உன் அப்பாவுக்குச் சுத்தமாக வராது. ஒருத்தரும் அவளைக் கோபிக்கவில்லை. இப்போது குழாயை மாற்றி, காரையைக் கொத்திப் புதிதாகப் பூசுகிறார்கள், வகுப்பு கோயில் ஹாலில் நடக்கிறது, ஜன்னல் எல்லாம் திறந்தே கிடக்கிறது. டாக்டர் சொல்லாமல் கெசியாவின் மருந்தை நிறுத்தவில்லை, ஆனால் ராத்திரி எழாமல் தூங்குகிறாள். நீ சொன்னபடி வேலையை விட்டுக் கெசியாவை வீட்டோடு வைத்திருந்தால் நம் பிள்ளை ஒன்று தப்பியிருக்கும், மற்றப் பிள்ளைகள் அந்தச் சுவரோரமே இருந்திருக்கும். ஜாபேஸ், உனக்கு வாய்த்தவள் தங்கம்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஏ.சி.யில் ஈரத்தலையோடு படுக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். வெள்ளிக்கிழமை போன் பண்ணும்போது முதலில் ரீபாவிடம் பேசு, பழைய பேச்சை எடுக்காதே. பிறகு கெசியா வாங்குவாள். இழுப்புச் சத்தமே கேட்கவில்லை, லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. பிள்ளை அங்கேதான் மூச்சுவிட்டுக்கொண்டு நிற்பாள்.

உன் அம்மா,
சாலோமி வேதமுத்து
பாளையங்கோட்டை