தேவா அங்கு, வால் இங்கு

அன்புள்ள தேவா அண்ணா,

இதனால் மேலுலகத்தில் உள்ள சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: உன் தம்பியின் மேலுதட்டில் பதினொரு மீசை மயிர்கள் முளைத்திருக்கின்றன. நீ சொன்னபடி மூன்று தடவை எண்ணினேன். ஆராய்ச்சி என்றால் அப்படித்தானே?

துக்கம் கேட்க இன்னும் வருகிறார்கள். உன்னைத் "தேவாங்கு" என்று கூப்பிட்ட சிவாஜிநகர் சித்தப்பா, "தங்கமான பையன்" என்று மூக்கைச் சிந்திவிட்டு மூன்று டம்ளர் காபி குடித்தார். அதே பெயரால் உன்னை ஓட்டிய காலேஜ்காரர்கள் மாலையோடு வந்தார்கள். செருப்புகளை ஜோடி மாற்றி வைத்தேன். எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மா மட்டும், நாம் 'ஐயோ பாவம்' என்போமே, அப்படி "பாப, பாப" என்று நிஜமாக அழுதார். தேவாங்குக்குக் கன்னடத்தில் 'காடுபாப', காட்டுக் குழந்தை என்று நீதானே சொன்னாய்?

பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷத்தில் யாருக்கு வரும் அந்த யோசனை? தேவாங்கைக் கண் மருந்து என்று கூண்டில் வைத்து விற்கிறார்கள், அபசகுனம் என்று பிள்ளைகள் கல்லெறிகிறார்கள். பாடம் நடத்தினால் பிள்ளைகள் பயம் போகுமா, பார்க்கிறேன் என்றாய். நாற்பது கேள்வித்தாள் கையால் எழுதி, என் வகுப்புக்கு என்னிடமே கொடுத்தனுப்பினாய். தேவாங்கைப் பார்த்திருக்கிறாயா? எங்கே? பயந்தாயா?

நாற்பதிலும் ஒரே பதில். பள்ளிக்கூடத்துப் புளியமரத்தில் பார்த்தோம், குழந்தை மாதிரி இருந்தது, பயமே இல்லை. குதித்துக்கொண்டு உன் காலேஜ் லெக்சரரை ஜட்காவில் கூட்டி வந்தாய். மரத்தில் காக்காய்க் கூடுதான் இருந்தது.

"நாற்பது பேரும் சேர்ந்தா பொய் சொல்லுவாங்க, சார்?"

"நாற்பது பேர் எங்கேப்பா? எல்லாம் ஒரே கை. நீயே உட்கார்ந்து எழுதிட்டியா?"

அதற்குப் பிறகு நீ காலேஜ் போகவில்லை. சாப்பிடவில்லை, பேசவில்லை. டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று டானிக் எழுதினார். ஊர்ப் பிள்ளைகளின் பயத்தை அளக்கப் போனவனிடம், உனக்கு என்ன பயம் என்று இந்த வீட்டில் ஒருத்தராவது கேட்டோமா? அப்புறம் டைபாய்டு வந்தது. எதிர்த்து நிற்க உன் உடம்பில் ஒன்றுமில்லை.

அந்த லெக்சரர் சைக்கிளில் தினமும் காற்றைப் பிடுங்குகிறேன். பழிக்குப் பழி! அப்பா கையெழுத்தை அப்பாவே அசரும்படி போடுகிறவன் நான், தெரியுமில்லையா? பேனா பிடித்தால் நான் ஒருத்தனே நாலு பேர்.

நாற்பது பேர் ஆகத்தான் முடியவில்லை.

அன்றைக்குப் பசங்க கிரிக்கெட் ஆடப் போய்விட்டார்கள், அண்ணா. நான்தான் அந்த மரத்தடியில் உட்கார்ந்து எழுதினேன். நீ சந்தோஷப்படுவாய் என்று கொஞ்சம், வேடிக்கைக்கு மீதி.

லெக்சரர் விசிறியடித்த தாள்களைப் பொறுக்கும்போது, 'குழந்தை'யில் உன் விரல் நின்றது. என் 'ழ'வுக்கு வால் நீளம். என்னை ஒரு தரம் பார்த்தாய். மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய். ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை?

நாளைக்கு அவர் வீட்டுக்குப் போகிறேன். சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு, அவர் கண் முன்னால் நாற்பது தடவை 'குழந்தை' எழுதிக் காட்டப்போகிறேன். இது சத்தியம்.

மீசையும் பதினொன்று இல்லை. மூன்றுதான்.

தேவாங்குக்கு வால் கிடையாது என்பாய். உனக்கு நான் இருந்தேனே.

இப்படிக்கு,
நீ 'வால்' என்று கூப்பிட்ட
உன் தம்பி