வயலின் இல்லாத மூன்று நிமிடம்

மார்ச் 9, ஞாயிறு காலை

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். முப்பத்து நாலு வயது டைரக்டரை இன்னும் வாலு என்று கூப்பிடலாமா தெரியவில்லை. கூடாது என்றால் கண்டித்துப் பதில் போடு. நான் சௌக்கியம். முழங்கால் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உன் இருமல் நின்றதா? போனில் பேசும்போது நீ வாயைப் பொத்திக்கொண்டு இருமுவது எனக்கு நன்றாகவே கேட்கிறது.

நேற்று நீ கூப்பிட்டு, படம் எப்படி என்று கேட்டபோது "நல்லா இருக்குப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்கு மேல் போனில் எனக்கு வார்த்தை வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ அனுப்பியதை மாடி வீட்டு நர்ஸின் கம்ப்யூட்டரில் பார்த்தோம். இன்னும் முடியாத படம், பின்னணி இசைகூட மியூசிக் டைரக்டர் மாதிரிக்கு வாசித்துக் கொடுத்ததுதான், யாரிடமும் காட்டாதே என்று சொல்லியிருந்தாய். நர்ஸிடம் மட்டும் காட்டினேன். கம்ப்யூட்டர் அவளுடையது, அவளை வெளியே போ என்றா சொல்ல முடியும்?

கதை என்னவென்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஒரு பெண் விரிப்பின் ஓரத்தை முகவாயில் இடுக்கிக்கொண்டு மடிக்கிறாள். அது என் பழக்கம். எத்தனை விரிப்பு மடித்திருப்பேன், எனக்கே தெரியாது நான் அப்படிச் செய்கிறேன் என்று. நீ எங்கே உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தாய்? நர்ஸ் என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. மத்தியான வெயில், முன்னறையில் காய்ச்சலோடு படுத்திருக்கிற பையன், வாசலில் பையும் கையுமாக நிற்கிற அப்பா. அன்று நீ நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாய் என்றுதான் இருபத்தைந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார் என்று சாயங்காலம் உன்னிடம் சொன்னேன். நீ "சரிம்மா" என்றாய். எப்போது வருவார் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. நான் எவ்வளவு அழகாகப் பொய் சொன்னேன் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. நீ போர்வைக்குள் விழித்துக்கொண்டு கிடந்திருக்கிறாய் என்று இப்போதுதான் தெரிகிறது. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த இடத்தில் எத்தனை வயலின்? முப்பது இருக்குமா? அப்பா செருப்பு மாட்டத் தொடங்கியதும் ஆரம்பித்து, கதவு மூடுகிறவரை இழை இழையாக அழுது தீர்க்கின்றன. வாசிப்பு நன்றாக இருக்கிறது, குறை சொல்லவில்லை. நர்ஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பாவம்க்கா, எப்படிக் கெஞ்சுறாங்க பாருங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கெஞ்சவில்லை. நானாக நடிக்கிற அந்த நடிகையின் உதடு அசைவது எனக்குப் புரிந்தது. சலவைக்கூடத்தில் இயந்திரங்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். "போறதுன்னா சாவியை வச்சிட்டுப் போங்க" என்கிறாள். நான் அன்று சொன்னதேதான், ஒரு சொல் மாறாமல். நர்ஸை நான்கு தடவை திரும்பப் போடச் சொல்லி, காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். வயலின்தான் கேட்டது.

உன் அப்பா இங்கிருந்து போன இடத்தில் என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியாது. "காலைப் பிடிச்சுக் கெஞ்சினா, உதறிட்டு வந்துட்டேன்" என்று சொன்னாராம். உன் அத்தை அதை ஊர் முழுக்க ஒலிபரப்பினார். அதை மறுத்து நான் யாரிடமும் வாயைத் திறந்ததில்லை. யார் நம்புவார்கள்? இப்போது என் பிள்ளையின் படத்திலும் பார்க்கிறவர்கள் அதையே சொல்லப்போகிறார்கள்.

படம் உன்னுடையது. எங்கே என்ன வேண்டும் என்று சொல்ல எனக்குப் படிப்பும் இல்லை, உரிமையும் இல்லை. ஆனால் வாலு, நான் கெஞ்சவில்லை. அதை மட்டும் உனக்கு எழுத நினைத்தேன். நீ அங்கேதானே இருந்தாய்.

நேரத்துக்குச் சாப்பிடு. படப்பிடிப்பு முடிந்த பிறகும் தாடியை எடுக்காமல் திரிகிறாயாமே, எடு.

உன் நலனே நினைக்கும்
அம்மா


ஆகஸ்ட் 17, ஞாயிறு

என் கண்ணான வாலுக்கு,

படம் வெளியாகி மூன்று நாளாகிறது, இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத முடிந்தது. வேலைக்குப் போனால் அங்கே படப் பேச்சு, தெருவில் இறங்கினால் இங்கே படப் பேச்சு. மருந்துக்கடைக்காரர் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "நீங்கதானே அது?" என்று கேட்கிறார். நான் மாத்திரைக்கு வந்தவள் என்று சொன்னேன்.

முதலில் உன் மியூசிக் டைரக்டருக்கு நன்றி. போன மாதம் ஒரு நாள் புது நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. "அம்மா, உங்க வயலினை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டேன்" என்றார். யாரோ தவறிப்போய்க் கூப்பிடுகிறார் என்று வைக்கப் போனேன். பிறகுதான் தான் யாரென்று சொன்னார். என் கடிதத்தை நீ இசைக்கூடத்தில் படித்துக் காட்டினாயாமே. படித்து முடித்ததும் வெளியே போய் நின்றாயாம். இதையெல்லாம் நீ என்னிடம் சொல்லவில்லை. "லெட்டர் வந்துச்சும்மா" என்றதோடு சரி. நானும் ஐந்து மாதம் உன்னிடம் கேட்காமல் இருந்தேன். அம்மாவும் பிள்ளையும் ஒரே அச்சு.

தயாரிப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லையாம். "அந்த இடத்துல ஜனங்க அழணும், மியூசிக் இல்லாம எப்படி அழுவாங்க?" என்று குதித்தாராம். நீ மல்லுக்கு நின்றாயாம். மியூசிக் டைரக்டர், ஒரே ஒரு தடவை வெறுமனே ஓட்டிப் பார்ப்போம் என்று சொல்லி ஓட்டிக் காட்டினாராம். தயாரிப்பாளர் எழுந்து போய், டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து, "சாவி வைக்கிற சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டுங்க" என்றாராம். கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மனுஷரையும் நான் கேட்டதாகச் சொல்.

தான் போட்டதிலேயே நல்ல துண்டு அந்த வயலின்தான் என்று மியூசிக் டைரக்டர் சொன்னார். அப்படியானால் ஏன் எடுத்தீர்கள் என்றேன். "எடுத்த பிறகுதாம்மா அவங்க பேசுறது கேட்டுச்சு. இந்தப் படத்துல நான் ரொம்பக் கஷ்டப்பட்டது அந்த மூணு நிமிஷம் சும்மா இருக்கத்தான்" என்றார். அந்தப் பிள்ளைக்கு என்ன கைம்மாறு செய்ய முடியும்? அவரையும் கூட்டி வா, வயிறாரச் சமைத்துப் போடுகிறேன்.

முதல் நாள் பகல் காட்சிக்குப் போனோம். சலவைக்கூடத்திலிருந்து பதினொரு பேர், நர்ஸ், நான். ஏறக்குறைய ஒரு வரிசையையே பிடித்துவிட்டோம். படம் ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால் ஒருவர் வந்து என் பக்கத்துக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். திரும்பிப் பார்த்தால் உன் அத்தை. கூந்தல் முழுக்க வெளுத்துவிட்டது. கடைசியாக எப்போது பேசினோம் என்று எனக்கு நினைவில்லை. விளக்கை அணைத்துவிட்டார்கள்.

அந்தக் காட்சி வந்தது. பின்னணியில் ஒன்றும் இல்லை. காற்றாடி சுற்றுகிற சத்தம், அப்பா செருப்பைத் தேய்க்கிற சத்தம், பையன் மூச்சு. முன் வரிசையில் எவனோ ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்து "சவுண்டு வைங்கடா!" என்று கத்தினான். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அவள் சொன்னாள். "போறதுன்னா சாவியை வச்சிட்டுப் போங்க." எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்! உன் நடிகைக்கு என் முத்தம். பிறகு எங்கள் வரிசையில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் பின்னாலிருந்து ஒரு பெண் கைதட்டினாள். அப்புறம் எத்தனை பேர் என்று எண்ண முடியவில்லை. கத்தினவனும் தட்டினான் என்று நர்ஸ் சொல்கிறாள்.

அழுதவர்களும் இருந்தார்கள். ஆனால் எங்கே தெரியுமா? அவள் குழாயைத் திறந்து, அவர் டீ குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாளே, அங்கே. அழு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, தாங்களாகவே அழுதார்கள்.

இடைவேளையில் உன் அத்தை எழுந்திருக்கவில்லை. நானும் உட்கார்ந்தே இருந்தேன். கடைசியில் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "இவ்வளவுதான் நடந்துச்சா?"

இவ்வளவுதான் அண்ணி என்றேன்.

"அவன் வேற மாதிரில்ல சொன்னான்" என்றார். பிறகு, "சாவியைக் கேட்டதை மட்டும் சொல்லவே இல்லை" என்றார். சொல்லும்போதே சிரித்துவிட்டார், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மணிக்கட்டைப் பிடித்தவர் படம் முடிகிறவரை விடவில்லை. இத்தனை வருஷம் நான் வாயைத் திறந்து செய்ய முடியாததை நீயும் மியூசிக் டைரக்டரும் வாயை மூடிக்கொண்டு செய்துவிட்டீர்கள்.

இசையே வேண்டாம் என்று உன் அம்மா சொல்கிறாள் என்று எண்ணிவிடாதே. அம்மாவும் பையனும் பஸ்ஸில் போகும்போது வருகிற அந்தப் பாட்டு! பாட்டு ஆரம்பித்ததும் வழக்கம்போல நாலைந்து பேர் வெளியே போக எழுந்தார்கள். இரண்டு வரி கேட்டுவிட்டு அப்படியே நடைபாதையில் நின்றார்கள், பின்னாலிருப்பவர்கள் திட்டியதும்தான் உட்கார்ந்தார்கள். உனக்குக் காய்ச்சல் விட்ட பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். எதற்குப் போனேன் என்று அன்றைக்கு எனக்கே தெரியவில்லை. வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அந்தப் பாட்டு மேலே ஏற ஏற, ஜன்னலோரம் அவள் முகத்தில் காற்று அடிக்கிறபோதுதான் புரிந்தது. அன்று நான் சந்தோஷமாக இருந்திருக்கிறேன். அதை வெளியே சொல்ல எனக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. புருஷன் போன வாரத்தில் எந்தப் பெண் அப்படிச் சொல்வாள்? அந்தப் பாட்டு எனக்காகச் சொன்னது. இப்போது நாள் முழுக்க அதைத்தான் முணுமுணுக்கிறேன். சுருதி சேரவில்லை என்று நர்ஸ் மாடியிலிருந்து புகார் செய்கிறாள்.

இன்னும் ஒன்று. உன்னிடம் பொய் சொன்னதை நான் பாதுகாப்பு என்று நினைத்தேன். தெரிந்தும் தெரியாததுபோல் இருந்து நீதான் என்னைப் பாதுகாத்திருக்கிறாய். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது பெரிய சுமை. என்னை மன்னித்துக்கொள்.

தியேட்டரை விட்டு வெளியே வரும்போது உன் அத்தை, உன் அப்பாவும் படம் பார்க்கப் போவதாகச் சொன்னார். அவருக்கு இப்போது உடம்பு சுகமில்லை, தனியாகத்தான் இருக்கிறாராம். நம்பர் அத்தையிடம் இருக்கிறது. வேண்டுமா என்று என்னைக் கேட்டார். என் பிள்ளையிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். கூப்பிடுவதோ விடுவதோ உன் இஷ்டம். நீ எது செய்தாலும் எனக்கு வருத்தம் இல்லை. எனக்காக எதையும் செய்யாதே வாலு. எனக்காக எதையும் செய்யாமலும் இருந்துவிடாதே.

நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நீ நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன்
அம்மா