வெறுங்கையனின் தண்ணீர்

08.10.2007, திங்கள்

விளக்கேற்றித் தேவாரம் படித்துவிட்டுப் போனேன். நகராட்சி அலுவலகத்தில் பத்தரைக்கு வரச்சொல்லி டெர்மின். குடியுரிமைக்கு இவருடைய கடதாசியும் மகள் ஆரணியின் கடதாசியும் சரியாம். என்னுடையதில் ஒன்று குறைகிறது: ஜெர்மன் சோதனைச் சான்றிதழ். போன வருடம் எழுதிக் கோட்டை விட்ட சோதனை.

அலுவலகப் பெண் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். பதில் சொன்னது ஆரணி. பதினான்கு வயதுப் பிள்ளை. வுப்பர்டாலுக்கு வந்து பதினாறு வருடம், கடையில் இன்னும் விரலால் காட்டித்தான் சாமான் வாங்குகிறேன்.

மார்ச்சில் மறுபடி சோதனை இருக்கிறது. அதையும் விட்டால் வீட்டில் நான் ஒருத்தி மட்டும் பழைய கடதாசியோடு.

11.10.2007

ஆரணியின் கட்டிலுக்குக் கீழே தூசி எடுக்கும்போது ஒரு புத்தகம் அகப்பட்டது. ஜப்பான்காரர் வரைந்த படக்கதை, ஜெர்மன் மொழியில். நூலகத்து முத்திரை. பெயர் ‘உப்பு நிலம்’. சொற்கள் கொஞ்சம், படங்கள் அதிகம். எனக்கு ஏற்ற புத்தகம் என்று அகராதியோடு இருந்தேன்.

திறந்ததும் ‘நில்!’ என்று பெரிய எழுத்து. யாரோ யாரையோ மறிக்கிறார்கள் போல. அடுத்த பக்கம் —

உப்புத் தரையில் ஒருவன் செத்துக் கிடக்கிறான். கையில் ஆயுதம் எதுவும் இல்லாத ஒருவன் பக்கத்தில் முழந்தாளிட்டு, சுரைக்குடுவையிலிருந்து அவன் வாயில் தண்ணீர் விடுகிறான். பிறகு உள்ளங்கையை நெஞ்சில் வைக்கிறான். செத்தவன் எழும்புகிறான்! இருவரும் ஒருவரையொருவர் வணங்கிவிட்டு வேறு வேறு திசையில் போகிறார்கள்.

இதை வரைந்தவருக்கு எங்கள் சாமியைத் தெரியுமோ?

13.10.2007

முதல் புத்தகம் முடிந்தது. செலவு எழுதுகிற கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்கிக் கணக்கு வைத்தேன். எழுப்பப்பட்டவர்கள் — 9. புதிய சொற்கள் — 118.

கடைசிப் பக்கத்தை என்னவென்று எழுதுவேன்? எரிந்து கிடந்த பட்டினம் கொஞ்சம் கொஞ்சமாக முழுசாகிறது. சாம்பலிலிருந்து வீடுகள், ஜன்னல்கள், ஜன்னலில் உடுப்புக் காயப்போடுகிற ஒரு பெண். ஆகக் கடைசியில் கடல், விளிம்புவரை தண்ணீர். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் எழுந்தேன்.

14.10.2007

இரவுச் சாப்பாட்டில் கதையைச் சொன்னேன். ஆரணிக்குச் சிரிப்பில் புரைக்கேறிவிட்டது.

“அம்மா, நீங்கள் பின்னாலயிருந்து வாசிச்சிருக்கிறியள். ஜப்பான் புத்தகம் வலப்பக்கத்தால திறக்கோணும். அவன் ஒருத்தரையும் எழுப்பேல்ல. கொல்லுறான்.”

அந்த ‘நில்!’ எனக்குத்தானாம். பிழையான பக்கத்தால் திறக்கிறவர்களுக்கு எழுதி வைத்தது.

இவர் சோற்றிலிருந்து நிமிரவே இல்லை. “ஒன்பது கொலையைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறா உங்கட அம்மா” என்றார்.

கோப்பையைக் கழுவ எழுந்து போய்விட்டேன்.

15.10.2007

புத்தகத்தைத் தொடவில்லை.

19.10.2007, வெள்ளி

விரதம். மத்தியானம் சும்மா இருக்க ஏலாமல் வலப்பக்கத்தால் திறந்தேன்.

ஓம், கொல்லுகிறான். கடல் வற்றி உலகம் உப்பாகிவிட்டது. கிணறுகளைப் பிடித்து வைத்திருக்கிறவர்களோடு இவன் மோதுகிறான். இவனுக்குப் பெயர் கூட இல்லை, வெறுங்கையன் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு குடுவைத் தண்ணீர்தான் இவன் பங்கு. சண்டைக்கு முன்னால் எதிரியிடம் அதை நீட்டி, “முதலில் குடி. பிறகு பேசுவோம்” என்கிறான். யாரும் வாங்குவதில்லை, சிரிக்கிறார்கள். விழுந்த பிறகு, உயிரோடு மறுத்த அதே தண்ணீரை அவர்கள் வாயில் விடுகிறான். தன் பங்கில் பாதி. பிறகு நாள் முழுக்க வறண்ட உதட்டோடு நடக்கிறான்.

செத்தவனை எழுப்புகிறவன் பெரியவன் என்று நினைத்திருந்தேன். எழுப்ப முடியாதென்று தெரிந்தும் தன் தண்ணீரைக் கொடுக்கிறவனை என்ன சொல்வது? ஊரில் என் ஐயா, என்னைப் பெற்றவர், கண்மூடியபோது நான் இங்கே இருந்தேன். கடைசிப் பால் பருக்கியது பக்கத்து வீட்டுக்காரர்.

15.11.2007, வியாழன்

சஷ்டி ஆறாம் நாள். கோயிலில் சூரன் போர். நாலு வருடமாகக் கோயில் பக்கம் வராத ஆரணி தானாகவே வந்தாள். பனிக் குளிரில் ஆட்கள் சூரனைத் தோளில் வைத்து ஆட்ட, தலை மாற மாற, இவள் கண் வெட்டாமல் நின்றாள். கடைசித் தலை விழுந்ததும் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, சூரனுக்கு ஆர் தண்ணி குடுத்தது?”

நாற்பத்திமூன்று வயது. அறிந்த நாளிலிருந்து பிடிக்கிற விரதம். இந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் வரவில்லை. முருகன் அவனை மயிலும் சேவலுமாக்கித் தன்னோடேயே வைத்துக்கொண்டார், அதைவிடத் தண்ணீர் வேணுமோ என்று சொன்னேன். “அப்ப அவரும் வெறுங்கையன் மாதிரித்தான்” என்றாள்.

வேலைக் கையில் வைத்திருக்கிறவரைப் போய் வெறுங்கையன் என்கிறாளே! ஆனாலும் திருநீறு வாங்கும்போது கண் கலங்கியது. எங்கேயோ ஜப்பானில் ஒரு மனிதர் மையும் கடதாசியுமாக இருந்து வரைந்தது, என் பிள்ளையைக் கோயில் வாசலுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

06.12.2007

நூலகத்துக்குத் தனியாகப் போனேன். பதினோராம் புத்தகம் வெளியே போயிருந்தது. நான் காத்திருப்போர் வரிசையில் ஏழாவது ஆள். முன்னால் நின்ற ஜெர்மன் பெடியனின் பையில் பேனையால் எழுதியிருந்தது: ‘முதலில் குடி’. தாடி நரைத்த ஒருவர் மூன்று புத்தகம் எடுத்துக்கொண்டு போனார். எத்தனை பேர் இந்தக் குடுவைக்குப் பின்னால் நடக்கிறார்கள்!

சொற்கள் — 902.

03.01.2008

குளியலறையில் புத்தகம் ஈரமாகிக் கிடந்தது. ஆரணி தான் இல்லை என்றாள். இரவு இவர் டிவியைப் பார்த்தபடியே, “அவன் அந்த வடக்குக் கிணத்தடிக்குப் போய்ச் சேந்தவனோ?” என்று கேட்டார்.

தானே வாசிக்கட்டும்.

16.02.2008

தமிழ்க் கடையில் இன்னாசித்தம்பி அண்ணை. அவரும் மார்ச்சில் சோதனை எடுக்கிறாராம், மூன்றாம் தரம். ஐம்பத்தெட்டு வயது, வார்ப்பாலையில் இருபது வருட வேலை. நான் எதை வைத்துப் படிக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். கடை முழுக்கக் கேட்கச் சிரித்தார்.

“பிள்ளை, சோதினை வைக்கிறவங்களுக்கு அடிக்கப் போறியோ?”

15.03.2008, சனி

சோதனை. ஆற அமர எழுதவேண்டும், ஆனால் கை ஓடுகிறது.

எழுத்து காலையில் முடிந்தது. பரவாயில்லை. பேச்சுக்கு இரண்டு இரண்டு பேராக அழைத்தார்கள். என் சோடி — இன்னாசித்தம்பி அண்ணை! ஊரில் பக்கத்துப் பக்கத்துக் கிராமம், இங்கே இரண்டு தமிழர் மேசையில் முகத்துக்கு முகம் இருந்து ஜெர்மனில் கதைக்கவேண்டும். வேலைத்தலத்தில் ஒருவருக்குப் பிறந்தநாள், யார் என்ன செய்வதென்று திட்டமிடவேண்டும். வேறு மொழி பேசினால் அதோடு சரி என்று முதலே சொல்லிவிட்டார்கள்.

நான் தொடங்கினேன். கேக் நான் செய்கிறேன், நீங்கள் என்ன கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டேன். அண்ணையிடமிருந்து சத்தம் இல்லை. நெற்றியெல்லாம் வியர்வை. கை மேசையைப் பிடித்திருந்தது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், போன வருடம் என் முகத்தில் இருந்தது. வாய் திறந்தது. வரப்போவது தமிழ்.

நேரம் போகிறது. நான் தனியே பேசி என் புள்ளியை எடுத்திருக்கலாம்.

எனக்கு வைத்த தண்ணீரை அவர் பக்கம் தள்ளினேன். வாயில் வந்தது இதுதான்:

“முதலில் குடி. பிறகு பேசுவோம்.”

ஜெர்மனில்தான். ஆனால் ஒரு அண்ணையைப் பார்த்து ‘குடி’ என்று! காது சுட்டது. பரிசோதகர் இரண்டு பேரில் வயது குறைந்தவர் எழுதுவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அண்ணை குடித்தார், முழுவதையும். கிளாசை வைத்துவிட்டு, “நான் பலூன்” என்றார். பிறகு, “நான் பலூன் கொண்டு வருகிறேன். ஆட்கள் இருக்கக் கதிரையும்.” அதன்பிறகு நான் கேட்கக் கேட்க அவர் சொன்னார். மணி அடித்தபோது நினைத்துப் பார்த்தேன், நான் பேசியதெல்லாம் கேள்வி. தயாரித்து வைத்திருந்த நல்ல வசனம் ஒன்றையும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் ‘குடி’ என்றதற்கு மன்னிப்புக் கேட்டேன். அண்ணை பஸ்ஸைப் பார்த்து நடந்தார். ஏறும்போது, “தொண்டை நல்லா வறண்டிருந்தது, பிள்ளை” என்றார்.

போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அழுகை வரவில்லை. ஏன்?

16.03.2008

இவர் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். “முதல்ல குடி” என்றார்.

09.05.2008, வெள்ளி

கடிதம் வந்தது. சாமி அறையில் வைத்துவிட்டு ஆரணி வரும்வரை பிரிக்கவில்லை.

பாஸ்! எழுத்தில் மட்டுமட்டாக. பேச்சில்தான் அதிகம். கேள்வி கேட்டதற்கும் புள்ளி இருக்கிறதா? ஆரணி மூன்று தரம் வாசித்துக் காட்டினாள். பிறகு நானே வாசித்தேன்.

பின்னேரம் அண்ணை போன் எடுத்தார். பேச்சில் பாஸாம், முதல் தடவையாக. எழுத்தில் போய்விட்டது. “வாய் கரைசேந்திட்டுது, கைதான் இன்னும் தண்ணிக்குள்ள” என்று சிரித்தார். எழுத்தை மட்டும் திரும்ப எடுக்க விடுவார்களாம். கடைசியில், “அந்தச் சண்டைப் புத்தகம் ஒண்டு தாவன். எந்தப் பக்கத்தால திறக்கிறதெண்டும் சொல்லு.”

21.06.2008, சனி

கடைசிப் புத்தகம், முப்பத்திநாலாவது, இன்று வெளிவந்தது. நூலகத்துக்கு வர ஒரு மாதம் செல்லுமாம். ஆரணிக்கு வயிற்று நோ, படுத்திருந்தாள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைக்கு நானே போனேன்.

காசு வாங்கிய பெண் என் பொட்டைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள். இதைப் பின்பக்கத்திலிருந்து வாசிக்கவேண்டும் என்று அன்பாகச் சொன்னாள்.

தெரியும் என்றேன். முதல் புத்தகத்தை மற்றப் பக்கத்திலிருந்தும் ஒருமுறை வாசித்திருக்கிறேன், அப்படி வாசித்தால் கடைசியில் கடல் நிறைந்துவிடும் என்றேன்.

அவள் மிச்சக் காசைக் கையில் வைத்தபடியே நின்றாள். பிறகு, தானும் இன்றிரவு அப்படித்தான் வாசிக்கப் போவதாகச் சொன்னாள்.

தொங்குரயிலில் பாதி வழி வந்த பிறகுதான் நினைவு வந்தது. புத்தகம் அவளுக்குப் பின்னால், மேல்தட்டில் இருந்தது. நான் விரல் நீட்டவில்லை.