சிறந்த ஊரக விற்பனையாளர் விருதும் என் முறுக்கும்

அனுப்புநர்:
திருமதி சவுந்தரம் மேத்யூ,
(வீட்டு எண் இல்லை), கிளேர்மோர் தோட்டம்,
சுங்கை பாக்காப், பினாங்கு.

பெறுநர்:
ஊரக மின்வணிக அதிகாரி அவர்கள்,
பட்டர்வொர்த்.

பொருள்: என் முறுக்கை என் பெயரிலேயே இணையத்தில் விற்க அனுமதி வேண்டுதல்.

மதிப்புமிகு ஐயா,

1. தோட்டத்துப் பெண்களும் இணையத்தில் விற்று முன்னேற வேண்டும் என்று தாங்கள் கொண்டுவந்த திட்டத்துக்கு முதலில் நன்றி. முறுக்கு சுட்டு விற்கும் நானும் பதிவு செய்யப் போனேன். இந்த முகவரியில் ஏற்கெனவே ஒரு விற்பனையாளர் இருக்கிறார் என்று தங்கள் செயலி மறுத்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே முகவரிதான். ஒரு முகவரிக்கு ஒரு விற்பனையாளர் என்பது தங்கள் விதி.

2. அந்த ஒருவர், ஜார்ஜ்டவுனில் கடை வைத்திருக்கும் திரு. சிதம்பரம். என்னிடம் முறுக்கை மொத்தமாக வாங்குபவர். வேன் அனுப்ப வேண்டும் என்று முகவரி கேட்டார், கொடுத்தேன். அதிலேயே பதிந்துகொண்டார். கேட்டதற்கு, "உங்க பேரு, என் பேரு எல்லாம் ஒண்ணுதான்லா அக்கா" என்றார். விலை மட்டும் ஏனோ இரண்டாக இருக்கிறது.

3. ஊரக விற்பனையாளர் என்பதால் அவருக்கு இலவச டெலிவரியும் விலைக்கழிவுக் கூப்பனும் உண்டு. ஆகவே பக்கத்து வீட்டுக் கோகிலாவும் என் முறுக்கை அவரிடமே வாங்குகிறாள். "ஆப்புல மலிவுலா அக்கா" என்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. முறுக்கு வேனில் கடற்பாலம் கடந்து தீவிலுள்ள அவர் கடைக்குப் போய், அவர் பெயர் ஒட்டப்பட்டு, மறுபடி பாலம் கடந்து வருகிறது. வீட்டு எண் இல்லாததால் டெலிவரிக்காரர் எல்லாப் பொட்டலத்தையும் என் வீட்டிலேயே போட்டுவிட்டுப் போகிறார். நான்தான் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நொறுங்கியிருந்தால் திட்டும் எனக்கே.

4. கடந்த கிறிஸ்துமஸுக்கு அவர் எனக்கு ஒரு பொட்டலம் அன்பளிப்பு அனுப்பினார். என் முறுக்குதான். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். தேங்காய்க்காரிக்கே உடைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

5. தோட்டத்தின் வருமானம் உயர்ந்துவிட்டதாகத் தங்கள் அறிக்கை சொல்கிறது. எங்கள் முகவரியின் வருமானம் உயர்ந்திருக்கலாம். குடியிருக்கும் நாங்கள் பழையபடியே இருக்கிறோம். அவர் கடைக்கு மாடி எழும்பியிருக்கிறது. இப்போது சிறந்த ஊரக விற்பனையாளர் விருதும் அவருக்கே. விழா அழைப்பிதழின் படத்தில் மாவு பிழியும் கைகள் என்னுடையவை. என் கல்யாண மோதிரம் எனக்குத் தெரியாதா? ஐயா, எனக்கு ஆத்திரமாக இருக்கிறது என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆகவே, எங்கள் வீடுகளுக்கு எண் கொடுத்தோ, விதியைத் தளர்த்தியோ, என் பெயரில் விற்க எனக்கு வழி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதிலைச் செயலி வழியே அனுப்ப வேண்டாம். இந்த முகவரிக்கு வரும் செய்தியெல்லாம் அவர் கைப்பேசிக்குப் போகிறது. விழாத் தேநீருக்குத் தங்கள் அலுவலகம் அவரிடம் முறுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது. சுடுவது நான், அன்று நானே தூக்கிக்கொண்டு வருவேன். அவர் மேடையில் இருக்கும் நேரத்தில், தேநீர் மேசையருகே வந்து சொன்னால் போதும்.

இடம்: சுங்கை பாக்காப்
நாள்: 12.11.2024

தங்கள் விழாவுக்கு முறுக்கு சுடும்,
(ஒப்பம்)
சவுந்தரம் மேத்யூ